ஜாய் வாசித்த மூன்று ஓலைகள்

எங்கள் கம்பெனியில் யார் புதிதாகச் சேர்ந்தாலும் முதலில் என்னிடம்தான் வரவேண்டும். நான் ஸ்டோர்ஸிலிருந்து தொப்பியும் ஷூவும் எடுத்துக் கொடுப்பேன். அடுத்து ஜாயிடம் போகவேண்டும். அவள் பேசக் கற்றுக்கொடுப்பாள்.

பேசுவதற்கு ஒரு கிளாஸா என்று நானும் சிரித்தவள்தான். ஒரகடத்தில் கார் சீட்டு தைக்கிற கம்பெனி இது. தென்காசியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் பஸ் ஏறி வந்து, சுங்குவார்சத்திரத்தில் ஒரே அறையில் நெருக்கியடித்துத் தங்கிக்கொண்டு வேலைக்கு வருகிற பிள்ளைகள் வாயில்லாமலா வந்திருக்கிறார்கள்? ஆனால் ஒரு தடவை தையல் கோணிப்போனதை லைனில் பாதிப் பேர் பார்த்தும் ஒருத்தரும் சொல்லவில்லை. ஒரு லாரி சீட்டு அப்படியே திரும்பி வந்தது. சூப்பர்வைசரிலிருந்து பிளான்ட் மேனேஜர் வரை எல்லார் தலையும் உருண்டது. அதற்குப் பிறகுதான் கம்யூனிகேஷன் ட்ரெயினிங் என்று ஒன்றை ஆரம்பித்து, எச்.ஆரில் லீவு கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த ஜாயை அதற்குப் போட்டார்கள்.

அவள் அந்தப் படிப்பைத்தான் தபால் வழியில் படித்திருந்தாள். படித்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் இருந்தவளுக்குக் கேட்கவா வேண்டும்? போர்டில் நீளமாக ஒரு அம்புக்குறி போடுவாள். இந்தப் பக்கம் சொல்கிறவர், அந்தப் பக்கம் கேட்கிறவர். நடுவில் சொன்ன விஷயமும் அது போகிற வழியும். வழியில் குறுக்கே விழுகிற இரைச்சல். பிறகு கேட்டவரிடமிருந்து திரும்பி வருகிற இன்னொரு அம்பு, அதுதான் ஃபீட்பேக். "நாம சொன்னது போய்ச் சேரலன்னா கேட்டவங்க மேல கோவப்படாதீங்க. இந்தக் கோட்டுல எங்கியோ ஒடைஞ்சிருக்கு. எங்கன்னு தேடிச் சரி பண்ணுங்க, கண்டிப்பா போய்ச் சேரும்" என்பாள். இதை அவள் பாடமாகச் சொல்லவில்லை. மனசார நம்பினாள்.

லைனுக்கு மேலே மஞ்சள் கயிறு ஒன்று ஓடும். தப்பு எதையாவது கண்டால் யார் வேண்டுமானாலும் அதை இழுக்கலாம். லைன் நிற்கும், ஒரு மியூசிக் வரும், ஷெட்டில் இருக்கிற அத்தனை பேரும் இழுத்தவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதனாலேயே யாரும் இழுப்பதில்லை. அதற்கும் ஜாயிடம் ஒரு விளக்கம் இருந்தது. "ஒவ்வொருத்தரும் நமக்கு மட்டும்தான் இப்பிடித் தோணுது போலன்னு வாயை மூடிக்கிறாங்க. இவங்க மூடுறதப் பாத்து அவங்க மூடிக்கிறாங்க. இதுக்கு மௌனச் சுழல்னு பேரு." பிள்ளைகள் அந்தப் பெயரை எழுதிக்கொள்வார்கள். கயிறு தொங்கிக்கொண்டுதான் இருக்கும்.

இன்னொன்றும் சொல்லிக்கொடுப்பாள். யாராவது பேசினால் தலையசைத்துக் கேட்கவேண்டும். கேட்டு முடித்ததும் அவர்கள் சொன்னதை நம் வாயால் ஒரு தடவை திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்கவேண்டும். நம்முடைய கருத்தெல்லாம் அதற்கு அப்புறம்தான். இது நல்ல பழக்கம்தான், ஆனால் அவளுக்கு ரத்தத்தில் ஊறிப்போய்விட்டது. டீக்கடைக்காரர் பால் தீர்ந்துவிட்டது என்றால், "அப்போ பால் இல்ல, பிளாக் டீதான் இருக்குன்னு சொல்றீங்க, கரெக்டாண்ணா?" என்று தலையசைப்பாள். அவர் என்னைப் பார்ப்பார். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

நான் மணிமங்கலத்தில் கம்பெனி பஸ் ஏறுவேன், அவள் படப்பையில். எனக்கு அவளைவிடப் பத்து வயதுக்கு மேல் கூடுதல், இருந்தாலும் தினமும் பக்கத்து சீட்டு என்பதால் எங்களுக்குள் ஒளிவுமறைவு கிடையாது. அவள் வீட்டில் அவளும் அப்பாவும் அம்மாவும்தான். அப்பா ஆபிரகாம் இருங்காட்டுக்கோட்டையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர், வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ரகம். அம்மா அன்னபுஷ்பம் அவருக்கும் சேர்த்துப் பேசுகிறவர். படப்பை தாண்டி புது மனைப்பிரிவில் வீடு கட்டியிருந்தார்கள். முப்பதை நெருங்குகிற பெண்ணை வைத்துக்கொண்டு அந்த அம்மா பட்ட பாட்டைப் பக்கத்து வீட்டுச் செடி கொடிகூடச் சொல்லும்.

அவர்கள் நோன்பிருக்கிற தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஜாயைப் பெண் பார்க்க வந்தார்கள். மறுநாள் பஸ்ஸில் ஏறியவள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை பெயர் ஜெபர்சன். இங்கேதான் ஒரு டயர் கம்பெனியில் குவாலிட்டியில் இருந்தான், தூத்துக்குடிக்காரன். ஆள் நன்றாக இருந்தான், மரியாதையாகப் பேசினான். குறை சொல்ல ஒன்றுமில்லை என்று அவளே சொன்னாள்.

பேசியதெல்லாம் அவன் அம்மாதானாம். "மே மாசமே வச்சிருவோம். இவனுக்கு அங்க ஊர்லயே வேல அமைஞ்சிட்டு. கல்யாணம் முடிஞ்ச கையோட பிள்ளையும் தூத்துக்குடிக்கு வந்திரட்டும். அங்க வேலைக்கெல்லாம் போக வேண்டாம். நான் ஒத்தையில கெடக்கேன், எனக்குத் தொணையா இருக்கட்டும்."

ஜாய் கவனமாகக் கேட்டிருக்கிறாள். தலையசைத்திருக்கிறாள். கேட்டு முடித்துவிட்டு, "அப்போ மே மாசம் கல்யாணம், முடிஞ்சதும் நான் தூத்துக்குடிக்கு வந்துடணும், வேலைக்குப் போகாம உங்களுக்குத் துணையா இருக்கணும்னு சொல்றீங்க. கரெக்டா ஆன்ட்டி?" என்று கேட்டிருக்கிறாள்.

அந்த அம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டதாம். "பிள்ள என்ன தெளிவா பேசுது" என்று எழுந்து வந்து ஜாயின் நெற்றியில் சிலுவை போட்டார். அன்னபுஷ்பம் கேசரித் தட்டோடு உள்ளேயிருந்து வந்தார். ஆபிரகாம் மாப்பிள்ளைக்குக் கை கொடுத்தார்.

நான் சிரித்துவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

"எனக்கு இஷ்டமில்லன்னு அங்கயே சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

"என்னோட டர்ன் இன்னும் வரலன்னு நெனச்சேங்க்கா."

அவளுக்கு யார் மேலும் காதல் கீதல் ஒன்றும் கிடையாது. அவளுக்கு அந்தக் கிளாஸ் வேண்டும். போர்டும் அம்புக்குறியும், முதல் நாள் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு மூன்றாம் நாள் கை தூக்கிக் கேள்வி கேட்கிற பிள்ளைகளும் வேண்டும். தூத்துக்குடியில் ஒரு வீட்டுக்குள் ஒரு அம்மாவுக்குத் துணையாகப் போய் உட்கார்ந்துகொண்டால் இதெல்லாம் போச்சு. விஷயம் இவ்வளவுதான்.

அவர்கள் போன பிறகு அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். "நான் சரின்னு சொல்லலம்மா. அவங்க சொன்னதத்தான் திருப்பிச் சொன்னேன். எனக்கு இது வேணாம்."

"எல்லாப் பொண்ணும் மொதல்ல அப்டித்தான் சொல்லும். போய்ப் பொடவய மாத்திக்கினு வா" என்றாராம் அன்னபுஷ்பம்.

அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. கோபமாகச் சொன்னால் கல்யாணப் பதற்றம் என்றார்கள். அழுதால் அம்மா வீட்டைப் பிரியப்போகிற துக்கம் என்றார்கள். சாப்பிடாமல் இருந்தால், புடவையில் அழகாகத் தெரிய வேண்டும் என்று பட்டினி கிடக்கிறாள் என்று அத்தை ஒருத்தி கிண்டல் செய்தாள். சரி, பேசாமலே இருந்து பார்க்கிறேன் என்று பேச்சை நிறுத்தினாள். மௌனம் சம்மதம் என்று அதற்கும் ஒரு அர்த்தம் தயாராக இருந்தது. "பேசாம இருந்தாலும் நாம எதையோ சொல்லிக்கிட்டுதான் இருக்கோம்னு கிளாஸ்ல சொல்லுவேனே. ஆனா நான் எத சொன்னாலும் ஒரே அர்த்தம்தாங்க்கா வருது" என்றாள். அதைச் சொன்னபோது அவள் குரலில் பயம் இருந்தது.

இந்த இடத்தில் ஓலை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நான் கோயிலுக்குப் போகிறவள், எனக்கே ஜாய் சொல்லித்தான் தெரியும். அவர்கள் சர்ச்சில் ஒரு கல்யாணம் நிச்சயமானால் அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்தில் எல்லாருக்கும் அறிவிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் ஃபாதரிடம் வந்து சொல்லுங்கள் என்று. அதற்குப் பெயர் ஓலை. மூன்றாவது ஓலை வரைக்கும் யாரும் வாய் திறக்கவில்லையென்றால் கல்யாணம் உறுதி. ஏற்கெனவே மனைவி இருக்கிறவன், உறவுமுறை தப்பானவன், இப்படிப்பட்டவர்களைப் பிடிக்க வைத்த ஏற்பாடு.

ஈஸ்டர் முடிந்ததும் ஓலை ஆரம்பம் என்று முடிவானது. அதற்கு முன் ஃபாதர் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கதவைச் சாத்திக்கொண்டு, "உனக்கு முழு சம்மதந்தானாம்மா? யாராவது கட்டாயப்படுத்துறாங்களா?" என்று கேட்டார். பதில் வரும்வரை காத்திருந்தார். இதைவிடச் சுத்தமான வழி எங்கே கிடைக்கும்? இவள் என்ன சொன்னாள் தெரியுமா? "சம்மதம் ஃபாதர்."

எனக்கு வந்த கோபத்தில் அவளை பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டிருப்பேன். "உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றேன்.

"ஃபாதர்கிட்ட வேணாம்னு சொன்னா அடுத்த நிமிஷம் அப்பாவ உள்ள கூப்புடுவாரு. அப்பா அங்க தல குனிஞ்சு நிக்கணும். வெளியாளு வந்து சொல்லி அவங்களுக்கு என்னைப் புரியணுமாக்கா? வீட்டுல நான் இன்னும் சரியா சொல்லல, அவ்ளோதான். மூணு ஓலை இருக்கு. புரிய வெச்சுடுவேன்."

ட்ரெயினர் இல்லையா, அப்படித்தான் பேசுவாள். கோட்டில் எங்கேயோ உடைந்திருக்கிறது, கண்டுபிடித்து ஒட்டிவிட்டால் போதும் என்று நினைத்தாள்.

அவள் சர்ச்சில் வாரா வாரம் அறிவிப்பு வாசிப்பதும் அவள்தான். கணீரென்ற குரல், மைக் பழக்கம் உள்ளவள். முதல் ஓலை அன்று ஃபாதர் சங்கடப்பட்டு, "இன்னிக்கு வேற யாராவது படிக்கட்டுமே" என்றிருக்கிறார். அன்னபுஷ்பம் முந்திக்கொண்டார். "அவளே படிப்பா ஃபாதர். அவளுக்கு இன்னா கூச்சம்?"

படித்தாள். தண்ணீர் டேங்க் கழுவுகிற அறிவிப்பு, ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு அறிவிப்பு, அதற்கடுத்து தன் பெயர். தூத்துக்குடி ஜெபர்சனுக்கும், ஆபிரகாம் – அன்னபுஷ்பம் மகள் ஜாய்க்கும். இது முதல் ஓலை, தடை இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கவும். பெஞ்சுகளில் ஒரு சின்னச் சிரிப்பு ஓடியதாம். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். தடை என்ன என்று தெரிந்த ஒரே ஆள் மைக் முன்னால் நின்றுகொண்டு, தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று ஊரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரம் வழியை மாற்றிப் பார்த்தாள். நேரில் பேசினால் அம்மா குறுக்கே வருகிறாள், அப்பாவுக்கு நேர்ப்பேச்சு வராது. அதனால் எழுதலாம் என்று வாட்ஸ்அப்பில் அப்பாவுக்கு ஒரு மெசேஜ் போட்டாள். அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினாள். அழகாக எழுதியிருந்தாள். யார் மேலும் குற்றம் சொல்லவில்லை. எனக்கு இந்தத் திருமணத்தில் விருப்பம் இல்லை அப்பா, மாப்பிள்ளையிடம் குறை இல்லை, எனக்கு என் வேலை வேண்டும், ஓலையை நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும்.

இரண்டு நீல டிக்கும் விழுந்தன. பதில் இல்லை. சாயங்காலம் ஆபிரகாம் தாம்பரம் வரைக்கும் போய் வஞ்சிரம் வாங்கி வந்தார். அவளுக்கு உயிர் அந்த மீன். சாப்பிடும்போது பெரிய துண்டாகப் பார்த்து அவள் தட்டில் வைத்தார். ஜாய்க்கு அப்படி ஒரு சந்தோஷம். "அப்பா புரிஞ்சுக்கிட்டாருக்கா. அவருக்குச் சொல்ல வராது, அதான் மீனா வாங்கிட்டு வந்துட்டாரு" என்று மறுநாள் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் எடுத்த கிளாஸை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஸ்டோர்ஸ் வரைக்கும் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

அடுத்த நாள் ஆபிரகாம் போய் பேண்டு செட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. ஜாய்தான் ஒரு தடவை சொல்லியிருந்தாள், மக்கள் ஒரு செய்தியை நேராக நம்ப மாட்டார்கள், தங்களுக்கு மதிப்பு இருக்கிற ஒருத்தர் வாயால் வந்தால்தான் நம்புவார்கள் என்று. அன்னபுஷ்பத்துக்கு என் மேல் மதிப்பு உண்டு. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, வேலைக்கும் போகிறவள் என்று. சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

நல்ல உபசாரம். முறுக்கு, காபி, எங்கள் மாமியார் கால் வலி பற்றி விசாரிப்பு. நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, ஜாய் விஷயமா ஒண்ணு பேசணும். அவளுக்கு இந்தக் கல்யாணத்துல" என்று ஆரம்பித்தேன்.

"இரு மஞ்சுளா, கரண்ட் போறதுக்குள்ள சட்னி அரச்சிக்கினு வந்துர்றேன்" என்று எழுந்துபோய் மிக்சியைப் போட்டார்.

மிக்சி நின்றது. நான் வாயைத் திறந்தேன். மறுபடி மிக்சி ஓடியது. சட்னி முடிந்து மாவு, மாவு முடிந்து மிளகாய்த்தூள். நான் சமையலறை வாசலில் நின்று கத்திப் பேசினேன். "இன்னா சொல்ற? ஒண்ணுமே கேக்கலியே" என்று காதைக் காட்டிவிட்டு இன்னொரு சுற்று விட்டார். போர்டில் ஜாய் நெளிநெளியாகக் கோடு போட்டு இரைச்சல் என்று காட்டுவாளே, அதை அன்றைக்கு நேரில் பார்த்தேன். கடைசியில் ஒரு டப்பா மிளகாய்த்தூளை என் கையில் கொடுத்து வாசல் வரைக்கும் வந்து அனுப்பிவைத்தார். இந்த அம்மாவுக்கு எதுவுமே மண்டையில் ஏறாது என்று திட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

இரண்டாவது ஓலையையும் ஜாய் வாசித்தாள்.

மிச்சம் இருந்த ஒரே வழி மாப்பிள்ளைதான். நடுவில் ஆளே இல்லாமல் நேராகப் பேசிவிடலாம் என்று ஒரகடம் கூட்ரோட்டில் இருக்கிற பேக்கரிக்கு ஜெபர்சனை வரச் சொன்னாள். ஷிப்ட் முடிந்து யூனிபாரத்தோடு வந்தான். என்னையும் கூட வைத்துக்கொண்டாள். நான் அடுத்த மேஜையில் உட்கார்ந்து பஃப்ஸை வெறித்துக்கொண்டிருந்தேன்.

ஜாய் சுற்றி வளைக்கவில்லை. "எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம் ஜெபர்சன். தூத்துக்குடிக்கு வந்து வீட்டுல இருக்க என்னால முடியாது."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "வேற யாரையும் மனசுல நெனச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"என்னைப் பிடிக்கலையா?"

"அப்பிடியும் இல்ல."

அவன் நல்லவன். அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. கெட்டவனாக இருந்திருந்தால் திட்டிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். "எனக்குப் புரியுதுங்க" என்றான். "ஆனா நான் ஏற்கெனவே ரெண்டு எடத்த வேண்டாம்னு சொல்லியாச்சு. இதையும் நிறுத்துனா எங்கம்மா தாங்க மாட்டாங்க. நீங்களே உங்க வீட்ல சொல்லி நிறுத்திருங்க. நான் ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டேன்."

"எங்க வீட்டுல நான் சொன்னா ஏறல. அதனாலதான உங்ககிட்ட வந்தேன்."

"என்னால முடியாதுங்க." அவன் குனிந்து மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கல்யாணத்துக்கு அப்புறம் எங்கம்மாட்ட நான் பேசிப் பாக்கேன்."

பேக்கரியிலிருந்து வெளியே வந்தோம். டிரெய்லர் லாரி வரிசை முடிகிறவரை ரோட்டைத் தாண்ட முடியவில்லை. "இவராவது ஒழுங்கா கேட்டாருக்கா" என்றாள். கேட்டு என்ன பிரயோஜனம் என்று நினைத்துக்கொண்டே ரோட்டைத் தாண்டினேன்.

கோடை வெயில் ஏறிவிட்டது. கம்பெனியில் ஒரு பெரிய பேட்ச் சேர்ந்தது. ஜாய் கிளாஸ் எடுத்தாள், ஆனால் பழைய வேகம் இல்லை. கூடவே அவளுக்குப் பதிலாக ஒரு ஆளைத் தயார்செய்யச் சொல்லி எச்.ஆரிலிருந்து சொல்லியிருந்தார்கள். யாரோ தெரிந்தவர்கள் வழியாகக் கல்யாணச் செய்தி ஆபீஸ் வரைக்கும் வந்திருந்தது. அவள் விட்டுப்போகிறேன் என்று யாரிடமும் சொல்லவேயில்லை. "வாழ்த்துகள் ஜாய்" என்று மேனேஜர் கை கொடுத்தார். அவளும் கொடுத்தாள். என்ன செய்வது, நீட்டிய கையை என்ன செய்ய முடியும்?

மூன்றாவது ஓலை அன்று நடந்ததை அவள் திங்கட்கிழமை சொன்னாள். படப்பையில் ஏறி, டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு, யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

தடை என்கிற இடம் வந்ததும் வேண்டுமென்றே நிறுத்தினாளாம். மின்விசிறிகள் ஓடுகிற சத்தம் மட்டும். பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் அன்னபுஷ்பம் முக்காட்டோடு உட்கார்ந்திருந்தார். ஜாய் நேராக அம்மாவைப் பார்த்தாள். எழுந்து நில்லும்மா, ஒரே ஒரு வார்த்தை சொல்லும்மா என்று மனசுக்குள் கெஞ்சினாளாம். அன்னபுஷ்பம் கண்ணைத் தாழ்த்தவில்லை. ஜாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குழந்தை அழுதது, அதன் அம்மா வெளியே தூக்கிப்போனாள். ஃபாதர் தொண்டையைச் செருமினார். ஜாய் மிச்சத்தை வாசித்துவிட்டு இறங்கினாள்.

பூசை முடிந்து கூட்டம் கலைந்ததும், மாதா சிலை வைத்திருக்கிற கெபியின் பக்கத்து நிழலில் அம்மாவைப் பிடித்து நிறுத்தினாள்.

"அம்மா, நான் சொல்றத ஒரே ஒரு தடவ அப்டியே கேளு. எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். இது வெக்கமில்ல. பயமில்ல. உங்கள வுட்டுப் போற துக்கமும் இல்ல. எனக்கு வேணாம். உனக்கு ஏம்மா இது புரியல?"

அன்னபுஷ்பம் முக்காட்டைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார். சுற்றுமுற்றும் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"மொத நாளே புரிஞ்சிடிச்சிடி."

"அப்பாவுக்கு?"

"நீ அனுப்பினத எனக்குப் படிச்சிக் காட்டினாரே. படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் அப்டியே ஒக்காந்துகினு இருந்தாரு. அப்பறந்தான் மீன் வாங்கப் போனாரு."

"மஞ்சுக்கா வந்தப்போ?"

"அவ வாசல்ல செருப்ப வுடறப்பவே எதுக்கு வந்துகிறான்னு தெரியும்."

"அப்போ எல்லாந் தெரிஞ்சிக்கினுதான் தெரியாத மாதிரி இருந்தியா?"

"தெரிஞ்ச மாதிரி காட்டிக்கினா பதில் சொல்லணுமே. எங்கிட்ட இன்னா பதில் கீது, சொல்லு? இந்த எடத்த வுட்டா அடுத்தது எப்ப வரும்? எங்க ரெண்டு பேருக்கும் அப்பறம் உனக்கு யாரு கீறா? நீ வேணாம்ன்றது புரியுது. எனக்கு வேணுமே." அன்னபுஷ்பத்தின் குரல் உடைந்தது. மகளின் கன்னத்தைத் தொட்டார். "அழுவாத, ஃபாதர் வராரு பாரு. கண்ணத் தொடச்சிக்க. டெய்லரக்கா மதியத்துல கடைய மூடிடுவா, கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்கணும், வா."

பஸ் ஒரகடம் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. இவ்வளவு நாளும் இவள் எங்கே உடைந்திருக்கிறது என்று தேடினாளே, கூடச் சேர்ந்து நானும் தேடினேனே. எங்கேயும் உடையவில்லை. இவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் முதல் நாளிலிருந்தே சிந்தாமல் சிதறாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. இனிமேல் இவள் எதை, யாரிடம், எப்படிச் சொல்வாள்?

"நீ என்னடி பண்ணின?" என்றேன்.

"போனேங்க்கா."

"போயி?"

"அளவெடுக்கக் கையத் தூக்கச் சொன்னாங்க. தூக்கினேன்."